ஆறு வாசல் வீடு

ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் போதும். மோரிஸ் டகெட்டின் கட்சி அது. அவர் வீட்டுக்கோ ஆறு. ஆறும் தெருவைப் பார்த்தவை, ஆறுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட், ஆறிலும் எண் பலகை. எந்தக் கதவைத் தட்டினால் ஆள் வருவார் என்று தபால்காரிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் கதவில் பார்சலை வைத்துவிட்டுப் போவாள். அது அங்கேயே மழையில் ஊறும். இதில் ஒரு கதவை அடைக்கலாமென்றால் கூடாது. வேறு நிறம் அடிக்கக் கூடாது. எண் பலகையைக் கழற்றக் கூடாது. பழைய கட்டடம், பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று மாவட்ட அலுவலகத்தில் எழுதிவைத்திருந்தார்கள்.

"கட்டடத்துக்குப் பாதுகாப்பு, குடியிருக்கறவன் எக்கேடு கெட்டாலும் சரி," என்பார் மோரிஸ்.

நெதர்காட் என்ற அந்த ஊரில் இந்த வரிசையை ஹார்லண்டின் தர்மவீடுகள் என்பார்கள். ஹார்லண்ட் பெரிய தோல் வியாபாரி. நானூறு வருஷத்துக்கு முன்னால், சாகிற காலத்தில் சொர்க்கத்துக்கு வழி தேடியவன். ஊரிலிருந்த ஏழைக் கிழங்களில் ஆறு பேரைப் பொறுக்கி, ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு சன்னல், ஒரு வாசல் என்று கட்டிக்கொடுத்தான். நடுவில் கல் பதித்துத் தன் பெயரைப் பெரிதாக வெட்டிக்கொண்டான். ஏழைகளின் பெயர் எங்கும் இல்லை. தனியாட்களுக்கு மட்டும்தான் இடம் என்பது அவன் சட்டம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஏழையாகிப்போனவர்கள் இங்கே வந்து பிரிந்து, இரண்டு கதவுக்குள் தனித்தனியாக உட்கார வேண்டியதுதான்.

மோரிஸின் பெரியத்தை ஃப்ளாரி நாலாம் கதவுக்குள் இருந்து செத்தவள். சின்னப் பையனாக அவளுக்குப் பால் கொண்டுபோவார். கட்டில், அடுப்பு, நாற்காலி, வாளி எல்லாம் ஒரே அறையில். கட்டிலில் இருந்தபடியே கை நீட்டிக் கஞ்சியைக் கிளறுவாள். அந்த அறையின் வாடை அவர் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

பிறகு, கழிப்பறை இல்லாத அறையில் மனிதர் குடியிருக்கக் கூடாதென்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தேவாலய அறக்கட்டளை ஊர்க்கோடியில் புது வீடுகள் கட்டி, கிழங்களை அங்கே மாற்றிவிட்டு இந்த வரிசையை விற்றது. வாங்கியவன் லண்டனிலிருந்து வந்த ஒருவன், பானை செய்கிறவன். ஆறையும் ஒரே வீடாக்குகிறேன் என்று கிளம்பினான். இரண்டடித் தடிமனுள்ள குறுக்குச் சுவர்கள் ஐந்திலும் ஆள் தோளைச் சாய்த்து நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டான். வரிசை சரிவில் இறங்குகிறது. அதனால் ஓர் அறையின் தரை அடுத்ததைவிட மேடு. ஓட்டைக்கு ஓட்டை இரண்டு படி வைத்தான். மேட்டு முனையில் சமையல்கட்டு, அடுத்தது உட்காரும் அறை, மூன்றாவதுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய குளியலறை, கீழே படுக்கைகள். பானை விற்கவில்லையோ என்னவோ, அவனும் போய்விட்டான்.

மோரிஸ் வாங்கினார். சாக்கடைக் குழாயில் அடைப்பெடுத்து நாற்பது வருஷம் சேர்த்த காசு. அத்தை ஓர் அறைக்குள் செத்தாள், நான் ஆறையும் வாங்கிக் காட்டுகிறேன் என்ற வீறாப்பு. பெண்டாட்டி பெரில் அப்போதே கேட்டாள், "ஆறு அறைய யாரு பெருக்கறது?" அவர் காதில் விழவில்லை.

போன வசந்தத்தில் பெரிலுக்கு வாதம் அடித்தது. இடது காலும் கையும் போயின. பேச்சு போகவில்லை, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்றுதான் வரும். புத்தி பழையபடி கத்தி. டவுனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். "அவங்க சக்கர நாற்காலியில புழங்கறதுக்கு வழி பண்ணுங்க, கூட்டிட்டுப் போங்க," என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த மிஸஸ் ஒகோரோ.

புழங்குவதென்றால்? சமையல்கட்டிலிருந்து படுக்கைவரை. மோரிஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஐம்பது வருஷம் அடுப்படியை ஆண்டவளை அடுப்படிக்குப் போக முடியாத வீட்டுக்கா கூட்டிவருவது?

அங்கே ஆரம்பித்தது வம்பு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து மிஸ் ஃபென்விக் வந்தாள். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி சுவரைத் தடவினாள். மூன்றாம் அறையில் மட்டும் அவளால் தடவ முடியவில்லை. அங்கே மோரிஸின் சாமான்கள் கூரைவரை அடைந்துகிடந்தன. குழாய்க் கழிகள், ஓடாத புல்வெட்டி மூன்று, யாரோ தூக்கிப்போட்ட வாஷ்பேசின்கள். என்றைக்காவது உதவும்.

"மிஸ்டர் டகெட், இந்தத் தரைக்கல்லு எல்லாம் ஹார்லண்ட் காலத்துது. தொட முடியாதுங்க."

"படிய ஹார்லண்ட் போடல கண்ணு. அந்தப் பானைக்காரன் போட்டது."

"படி புதுசுதான். படிக்கு ரெண்டு பக்கமும் இருக்கற தரை பழசு."

"அப்ப படிய மட்டும் எடுத்துடறேன்."

"எடுத்துட்டு எப்படி இறங்குவீங்க?"

மோரிஸ் கொஞ்சம் யோசித்தார். "சரிவா பலகை போடறேன்."

"தாராளமா போடுங்க. அதுக்கு யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க. ஆனா நாற்காலிக்கு இவ்வளவு சரிவுதான் இருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு."

இருவருமாக நாடாவைப் பிடித்து அளந்தார்கள். அந்தக் கணக்குப்படி போட்டால் பலகை ஓர் ஓட்டையில் புறப்பட்டு, அறை முழுவதையும் தின்றுவிட்டு, அடுத்த ஓட்டைக்குள் மூக்கை நீட்டியது.

"என் பொண்டாட்டி வீடு பூரா இறங்கிக்கிட்டே இருப்பா," என்றார் மோரிஸ். "நிக்க எடம் கிடையாது. கடைசி அறையில சுவத்துல போய் முட்டினாதான் நிப்பா."

மிஸ் ஃபென்விக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதுவும் அவருக்கு எரிச்சல்.

"சரி, ஓட்டையையாவது அகலமாக்க விடு. நாற்காலியே நுழையாது அதுல."

"சுவத்த இனிமே தொடக் கூடாதுங்க."

"அவன் தொட்டானே! அஞ்சு இடத்துல தொட்டானே!"

"அது அந்தக் காலம். இன்னிக்கின்னா நாங்க விட்டிருக்கவே மாட்டோம்."

"அவன் கெடுத்ததுக்குப் பேரு சரித்திரம், நான் கெடுத்தா குத்தமா?"

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மிஸ்டர் டகெட்."

"புரிய வேணாம். சுவத்த இடிக்க விடு. இது வயசானவங்களுக்குன்னே கட்டின வீடும்மா. என் பொண்டாட்டிக்கு எழுபத்தாறு. கால் ஒண்ணு இல்ல, கை ஒண்ணு இல்ல. இன்னும் எவ்வளவு கிழடாகணும்கற?"

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனாள். கோடையில் வேறொரு படம் வரைந்து கொடுத்தார். தரையைத் தோண்டி ஒரே மட்டமாக்குகிற திட்டம். முடியாது என்றாள். மின்சாரத்தில் தூக்கி இறக்குகிற மேடை ஒன்றைக் கேட்டார். அதற்கும் சுவரை வெட்ட வேண்டும். முடியாது. இலையுதிர்காலம் வந்தபோது அவர் மிஸ் ஃபென்விக்கைக் கனவில்கூடத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி பெரிலைப் பார்க்கப் போவார். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். ஃபென்விக் என்ன சொன்னாள், இவர் என்ன கேட்டார், அவள் எந்த மூஞ்சியோடு சிரித்தாள் எல்லாம் வரும். பெரில் வாயைத் திறப்பாள். "மோரிஸ்... நான்..." என்பதற்குள் இவர், "நீ கவலப்படாத கிழவி, உன்ன அந்த அடுப்படியில கொண்டுபோய் நிறுத்தாம விட மாட்டேன்," என்பார். பெரில் கண்ணை மூடிக்கொள்வாள். அலுப்பு என்று நினைத்து அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

"கொஞ்சம் காத்திருந்தா பேசுவாங்க மிஸ்டர் டகெட்," என்று மிஸஸ் ஒகோரோ ஒருமுறை சொன்னாள்.

"பஸ் காத்திருக்காதும்மா," என்றார்.

டிசம்பர் வந்தது. கூடவே டெஸ்மண்ட் பிர்கெட்டும் வந்தார். அறக்கட்டளையின் தலைவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், நடக்கும்போதே கையெழுத்துப் போடுகிற தோரணை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முந்தி வருகிற தோமையார் திருநாளன்று நடக்கிற ரொட்டிச் சடங்கைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

அதுவும் ஹார்லண்ட் வைத்துவிட்டுப் போன ஏற்பாடுதான். அந்த நாளில் தலைவர் தடியோடு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். மூன்று கேள்வி கேட்பார். உள்ளிருந்து பதில் வந்ததும் கதவு திறக்கும், ஒரு ரொட்டி கொடுப்பார். பதில் வரும்வரை வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது, பக்கத்துக் கதவுக்காரர்களும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் ஆறு பேருக்கும் அந்த வருஷம் ரொட்டி கிடையாது. கிழங்கள் ஒன்றையொன்று போட்டுக்கொடுத்ததைக் கேட்டுக்கேட்டு ஹார்லண்டுக்குக் காது புளித்திருக்க வேண்டும். வீடு விற்ற பிறகும் சடங்கு நிற்கவில்லை. வாங்குகிறவர் கதவு திறந்தாக வேண்டும் என்று பத்திரத்திலேயே போட்டிருந்தார்கள். ரொட்டிகள் இப்போது ஊர்க்கோடி வீடுகளிலிருக்கிற ஆறு மூத்த கிழங்களுக்குப் போகும். உள்ளேயிருந்து பதில் சொல்வது பெரிலின் வேலை. ஓட்டைக்கு ஓட்டை ஓடி, கதவுக்கொரு குரலில் சொல்வாள். ஊர் சிரிக்கும். மோரிஸ் அன்றைக்குக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வார். தன்னை ஏழை என்று சொல்லிக்கொள்கிற விளையாட்டு அவருக்கு ஆகாது.

"இந்த வருஷம் கிடையாது," என்றார் மோரிஸ். "கதவு ஆறும் மூடியிருக்கும்."

"பத்திரத்துல இருக்கு மோரிஸ்."

"அவ இல்லாம யாரு பதில் சொல்றது? நானா?"

"ஏன், உனக்கு வாய் இல்லியா? ஊருக்கே கேக்குது."

விஷயம் எப்படியோ இல்லத்துக்கு எட்டியது. இரண்டு நாளில் மிஸஸ் ஒகோரோ போன் செய்தாள். திருநாளன்று பெரில் வருகிறாள், வேன் ஏற்பாடு ஆகிவிட்டது, சாயங்காலம் திரும்ப வேண்டும். "அவங்களேதான் கேட்டாங்க. முழு வாக்கியமா கேட்டாங்க," என்றாள்.

வாசல்கள் ஆறில் தெருவோடு ஒரே மட்டத்தில் இருந்தது மூன்றாவது மட்டும்தான். வேறு வழியில்லை. முந்தின நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே, நாற்காலி நிற்கிற அளவுக்கு ஓர் இடத்தைத் தன் சாமான்களுக்கு நடுவில் ஒதுக்கினார். புல்வெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார்.

வேன் வந்தது. நீலக் கோட்டு, தலையில் சிவப்புத் தொப்பி, உதட்டில் சாயம் கொஞ்சம் கோணலாக. பெரிலை உள்ளே தள்ளி நிறுத்தியபோது அவள் சுற்றிலும் பார்த்தாள். வாஷ்பேசின்களைப் பார்த்தாள். 

"ஒண்ணையும் ரெண்டையும் நான் பாத்துக்கறேன்," என்றார் மோரிஸ். "மூணு உனக்கு. அப்பறம் மீதிய நானே சொல்லித் தொலைக்கிறேன். என் தலையெழுத்து."

வெளியே ஊர் கூடியிருந்தது. டெஸ்மண்ட் முதல் கதவைத் தட்டினார்.

"உள்ளே இருப்பது யார்?"

"ஹார்லண்டின் ஏழை," என்றார் மோரிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எத்தனை பேர்?"

"ஒருவர்."

"என்ன குறை?"

"ரொட்டிய்யா, ரொட்டி! வேற என்ன?"

வெளியே சிரித்தார்கள். கதவைத் திறந்து ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு சாத்தினார். இரண்டாவதும் அப்படியே போயிற்று. பிறகு பெரிலின் நாற்காலிக்குப் பின்னால் சாமான்களில் ஏறி இறங்கி, நாலாம் அறைக்குப் போகிற ஓட்டையில் போய் நின்றுகொண்டார். அது ஃப்ளாரியின் அறை.

மூன்றாம் கதவில் தடி விழுந்தது.

"உள்ளே இருப்பது யார்?"

பதில் வரவில்லை. மோரிஸின் வாய் தானாகத் திறந்தது. ஊர்க்கோடிக் கிழங்களின் ரொட்டி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். ஒரு வருஷம் ரொட்டியைக் கெடுத்தால் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"ஹார்லண்டோட... ஏழை," என்றாள் பெரில்.

"எத்தனை பேர்?"

மறுபடி நீண்ட மௌனம். வெளியே யாரோ காலை மாற்றி வைத்தார்கள்.

"ரெண்டு."

டெஸ்மண்ட் தொண்டையைக் கனைப்பது கதவு வழியாகக் கேட்டது. நானூறு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அப்படியொரு பதில் வந்ததே இல்லை. திருத்த வாயெடுத்தால் சடங்கு கெட்டுவிடும். வேறு வழியில்லாமல் மூன்றாவதைக் கேட்டார்.

"என்ன குறை?"

"ஒரு... கட்டில்," என்றாள் பெரில். பேசி நிறுத்தி மூச்சு வாங்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, யாராலும் முடியாது. "டீக்கு ஒரு கெட்டில். ரெண்டு... நாற்காலி. இந்த அறையே... போதும். குளிக்கற எடம்... பின்னாலயே இருக்கு. படி... இல்ல."

மோரிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்படிக்கு... நான் போகணும்னு... யாரு கேட்டா? அம்பது வருஷம்... அங்கதான்... நின்னேன். எனக்கு... அது வேணாம். இந்த ஆளோட... குப்பைய... எடுத்தா... நாளைக்கே... வந்துடுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து நினைவு வந்தவள்போல், "அப்பறம்... ரொட்டி," என்றாள்.

 கதவு திறந்தது. டெஸ்மண்ட் ரொட்டியை அவள் மடியில் வைத்தார். இவ்வளவு மரியாதையாக அவர் எதையும் எங்கும் வைத்ததில்லை. கதவு மூடியதுதான் தாமதம், மோரிஸ் ஓட்டையிலிருந்து வெளியே வந்து விழுந்தார்.

"ஒரே ரூம்லயா? நாம என்ன ஃப்ளாரி அத்தையா? ஆறு அறை வாங்கிப்போட்டேன்டி உனக்கு!"

"நீ... வாங்கின. நான்... பெருக்கினேன்."

"அந்த ஃபென்விக்கோட நான் நாய் மாதிரி சண்ட போட்டது யாருக்கு?"

"உனக்கு."

"அடிப்பாவி. இத முன்னாடியே சொன்னா என்ன?"

பெரில் அவரைப் பார்த்தாள். பதிலுக்கு அவசரமில்லாமல் பார்த்தாள். அந்தப் பார்வையில் எட்டு மாத ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மோரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாம் கதவில் தடி இரண்டாம் தடவை விழுந்தது. "உள்ளே இருப்பது யார்?"

"இருய்யா!" என்று கத்தினார். "இங்க குடும்பம் நடக்குது!" பிறகு அவளிடம், குரலைத் தாழ்த்தி, "ஃப்ளாரி தனியா இருந்தா பெரில். தனியா இருந்துதான் செத்தா. அந்த மாதிரி உன்ன ஒரு அறையில போடறதுன்னா..."

"நான்... ரெண்டுன்னுதான... சொன்னேன்?"

 நாலாம் கதவுக்குப் போனார். ஹார்லண்டின் ஏழை என்றார், ஒருவர் என்றார், ரொட்டி என்றார். ஐந்தும் ஆறும் எப்படிப் போயின என்று அவருக்கே தெரியாது. ஆறாவதில் டெஸ்மண்ட் மெதுவாக, "அந்த ரெண்டுங்கறத குறிப்புல எப்படி எழுதறது மோரிஸ்?" என்று கேட்டார்.

"ரெண்டுன்னு எழுது. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான நீ?"

மறுநாள் பழைய இரும்புக்காரனை வரச்சொன்னார். ஒவ்வொரு சாமானையும் அவன் வண்டியில் ஏற்றும்போது இது நல்ல சாமான், இது ஓடக்கூடியது என்று கூடவே நடந்தார். ஒரே ஒரு புல்வெட்டியை மட்டும் கீழே இறக்கி ஆறாம் அறைக்குக் கொண்டுபோனார். மிஸஸ் ஒகோரோ வந்து அறையைப் பார்த்தாள், குளியலறைக் கதவைத் திறந்து மூடினாள். "இவ்வளவுதாங்க நான் கேட்டது," என்றாள். அதை அவள் இரண்டாம் தடவை சொல்லாமலிருக்க மோரிஸ் தேநீர் போடப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெரில் வந்து சேர்ந்தாள்.

ஜனவரியில் மிஸ் ஃபென்விக் எட்டிப்பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், அடுப்பின் இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகளைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். ஓர் ஆணிகூடச் சுவரில் புதிதாக இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது அவளுக்கு.

"இந்த அறைய இதுக்குத்தான் கட்டினாங்க மிஸ்டர் டகெட். என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல."

"பாத்தாச்சில்ல? கதவச் சாத்து கண்ணு, குளிர் உள்ள வருது."

உள்ளபடி சொன்னால், ஒரே அறையில் இருவர் என்பது லேசான காரியமில்லை. அவருக்கு ரேடியோ வேண்டும், அவளுக்கு வேண்டாம். அவளுக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும், அவருக்கு இருமல். சமைப்பது இப்போது அவர்தான். மேட்டு அறையில் சூப்பை வைத்து, பாத்திரத்தோடு படிகளில் இறங்கி, பானைக்காரனின் ஓட்டைகளில் தோளை இடித்துக்கொண்டு வருவார். வருகிற வழியில் பாதி தரைக்குப் போகும். ஹார்லண்ட் காலத்துக் கல், துடைக்கத் துடைக்கக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் கொண்டுவந்து வைத்தார். பெரில் ஒரு கரண்டி வாயில் விட்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மோரிஸ்... இதுல..."

உப்பு போட மறந்தது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. நின்றபடியே காத்திருந்தார். சூப்பின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"...உருளை... வேகல."

"பல்லு இருக்கில்ல? மென்னு தின்னு," என்றார் மோரிஸ். உப்பு டப்பாவை எடுக்க மறுபடி படியேறினார்.